விளக்கின் கழுத்து

மண்ணால் செய்யும் மேசை விளக்கில் கடினமான வேலையெல்லாம் கழுத்தில் இருக்கிறது. பூச்சாடியின் வாய் சற்றுக் கோணினாலும் விற்றுவிடலாம். விளக்கின் வாய் கோணினால் பல்பு சாயும், அதன்மேல் துணிக்கூடும் சாயும், வாங்கியவர் வீட்டில் அது தினமும் கண்ணை உறுத்தும். ஜொகூரின் ஆயர் ஈத்தாமில் ஒரு மண்பாண்டப் பட்டறையில் முதிய சீனக் குயவர் ஒருவர் இதை எனக்குச் செய்தே காட்டினார். பாதி காய்ந்த கழுத்தின்மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, குனிந்து பார்க்கச் சொன்னார். ஓரிடத்தில் மட்டும் வெளிச்சம் இழையாகப் புகுந்தது. ஈரத்துணியால் அங்கே இரண்டு முறை தடவினார். இழை மறைந்தது.

அடுத்தது துளை. காய்ந்து சூளையில் வெந்து முடிவதற்குள் இந்த மண் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். பல்பு மாட்டும் பித்தளைக் குழாய் 10 மில்லிமீட்டர் என்றால், பச்சை மண்ணில் துளையை 12 மில்லிமீட்டர் போடவேண்டும். ஒயர் வெளியே வர அடியோரத்தில் இன்னொரு துளை. இதையெல்லாம் சுடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். சுட்ட பிறகு துளைக்கப்போனால் விரிசல் விழ வாய்ப்பு அதிகம். அளவுகோல் எதையும் அவர் எடுக்கவில்லை. சுண்டுவிரல் தடிமனில் சீவிய ஒரு மூங்கில் குச்சிதான் அவருடைய அளவு.

நான் அங்கே போனது ஒரு சுவீடன் விளக்கின் படத்தோடு. ஜொகூர் பாரு நண்பர் ஒருவர் அதைச் சிங்கப்பூர்ப் பழம்பொருள் கடையில் வாங்கி வைத்திருக்கிறார். சுவீடனின் குஸ்தாவ்ஸ்பெரி ஆலையில் செய்தது. இரண்டு முள் பிளக்கை வெட்டிவிட்டு நம் ஊர் மூன்று முள் பிளக் மாட்டியிருக்கிறார், மற்றதெல்லாம் பழையபடியே. அதைத் திருப்பிப் பார்த்தால் அடியில் சிறிய கை ஒன்று வரையப்பட்டிருக்கும். 1942இல் அந்த ஆலைக்குள் வில்ஹெல்ம் கோகேயும் ஸ்டிக் லிண்ட்பெரியும் தொடங்கிய கலைக்கூடத்தின் முத்திரை அது.

அந்தக் கூடத்தில் எனக்குப் பிடித்தவர் பெர்ன்ட் ஃபிரிபெரி. 1934இல் ஆலைக்குச் சக்கரத்தில் வனையும் தொழிலாளியாக வந்தவர். கோகே வரைவார், இவர் வனைவார். 1940களில்தான் தனக்கென்று செய்யத் தொடங்கினார். பழைய சீனக் கலங்களைப் பார்த்து, முயலின் ரோமம்போல் இழையோடும் மெருகைப் பழகினார். அதன்பின் ஒவ்வொரு கலத்தின் அடியிலும் தன் பெயரைக் கீறி, ஆண்டைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்தார். கூலிக்கு வனைந்த கை கையெழுத்தும் போட்டது. இன்று உலகெங்கும் அந்தக் கலங்களைத் தேடி வாங்குகிறார்கள்.

அதே சீனத் தொழில்தான் வேறு வழியில் ஜொகூருக்கும் வந்தது, மனிதர்களோடு. சீனாவிலிருந்து வந்த குயவர்கள் இந்த வட்டாரத்து நல்ல களிமண்ணைக் கண்டு சூளை கட்டினார்கள். ஆவ் எங் குவாங் நிறுவிய ஆவ் பாட்டரியை ஆயர் ஈத்தாமில் இன்றும் எல்லோருக்கும் தெரியும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கும்வரை கோலாலம்பூர் பேருந்துகள் நின்று போன சந்தி இந்த ஊர். பயணிகள் இறங்கி உண்டியலும் பூச்சாடியும் வாங்குவார்கள்.

அந்தக் குயவர்கள் கட்டிய டிராகன் சூளை என்பது சரிவில் ஏறும் நீண்ட சுரங்கம். கீழ்வாயில் நெருப்பு மூட்டி, பக்கத் துளைகள் வழியாக மேலே மேலே விறகு போட்டுக்கொண்டே போவார்கள். வெப்பம் 1,200 டிகிரியைத் தாண்டும். பறக்கும் சாம்பல் கலத்தின்மேல் படிந்து உருகி மெருகாகிவிடும். சிங்கப்பூரில் 1940இல் கட்டிய தௌ குவாங் சூளை 27 மீட்டர் நீளம். இந்தச் சூளைகளின் சோறு நெடுங்காலம் பால்மரத்தால் வந்தது. செய்தவை ரப்பர்ப்பால் பிடிக்கும் மங்குகள். விறகாக எரிந்தது மறுநடவுக்காக வெட்டிய பால்மரம்.

என் அப்பா குளுவாங் பக்கத் தோட்டத்தில் மரம் சீவியவர். விடியுமுன் உளியோடு போய், சீவிய மரத்தில் மங்கைத் துடைத்து மாட்டுவார். மங்கின் உட்புறம் வழவழப்பாக மெருகு பூசியிருக்கும். அதனால்தான் காய்ந்த கட்டிப்பால் ஒரே இழுப்பில் உரிந்து வரும். அந்த மெருகைப் பூசியது யார் கை என்று எங்கள் லயத்தில் யாரும் கேட்டதில்லை. முதியவரிடம் சொன்னேன். அவர் சிரித்து, "தம்பி" என்று தமிழிலேயே அழைத்தார், பிறகு மலாயில் தொடர்ந்தார். பையனாக இருந்தபோது அவரும் மங்குதான் வனைந்தாராம். நூறு மங்குக்கு இவ்வளவு என்று கூலி. உடைந்ததற்குக் கிடையாது.

பிளாஸ்டிக் கோப்பை வந்ததும் மங்கு போனது. இப்போது பட்டறையின் பெரும்பகுதியில் மியன்மார் இளைஞர்கள் கூழ்மண்ணை அச்சில் ஊற்றி எடுக்கிறார்கள். சுடுவது கேஸ் சூளையில். சக்கரத்தில் உட்காருபவர்கள் முதியவரும், அவரிடம் பழகும் ஒரு மியன்மார் பையனும் மட்டுமே. பையனின் கழுத்துகள் இன்னும் கோணுகின்றன. கண்ணாடித் துண்டை வைத்து அவனே பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, மண்ணைப் பிசைந்து மறுபடி சக்கரத்தில் வைக்கிறான். அவனைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

இங்கே ஒட்டிய விலைச் சீட்டில் கடையின் பெயர் இருக்கிறது. கலத்தில் எதுவும் இல்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை. விலை கூடும் என்பதற்காகச் சொல்லவில்லை. மூங்கில் குச்சியால் துளையளவு எடுக்கும் ஒரு மனிதரின் அறிவு அவரோடு போய்விடும். அவர் இருந்தார் என்பதாவது அந்த மண்ணில் இருக்கவேண்டும். பட்டறை முதலாளியான தவுக்கேயிடம் விளக்குகளுக்குச் சொல்லி முன்பணம் கொடுத்தேன். வனைந்தவர் பெயரை அடியில் கீறித் தரவேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவருக்கு அது விசித்திரமாகப் பட்டது, ஆனால் மறுக்கவில்லை.

முதியவர் தன் பெயரைச் சீன எழுத்தில் போடுவதாகச் சொன்னார். பையன் தயங்கி, பர்மிய எழுத்தில் எழுதலாமா என்று கேட்டான். கழுத்து நேராக வரும் முதல் விளக்கில் எழுது என்றார் முதியவர்.