பல்ப்பைக் கழட்டாதை

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது. பற்றறியும் தடைசெய்த பொருட்களில் ஒன்று. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு எரித்த விளக்கில்தான் படிப்பு. செத்த பற்றறிகளை வெயிலில் காயவைத்து, ஆணியால் துளைபோட்டு உப்புத்தண்ணீர் விட்டு, இன்னும் இரண்டு நாள் உயிரைப் பிடித்துவைத்தோம். அதுவும் ஓய்ந்தபோது றேடியோவுக்கு மிஞ்சியது சயிக்கிள் டைனமோ.

சயிக்கிளை விறாந்தையைப் பார்க்க ஸ்ராண்டில் ஏற்றி நிறுத்துவோம். சித்தியின் மகன், பத்து வயதுச் சின்னவன், நிலத்தில் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்றுவான். டைனமோ தருவது 6 வோல்ற், ஆனால் ஆடலோட்டம் (ஏசி). அப்படியே கொடுத்தால் செய்திக்குப் பதிலாகக் குளவிக்கூடு இரைகிற சத்தம்தான் வரும். நாலு டயோட்டைப் பாலமாகக் கட்டி, ஒரு கொண்டென்சரையும் சேர்த்தால் இரைச்சல் அடங்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். டயோட்டுக்குக் கடைக்குப் போகவில்லை. அயலில் ஒருவருடைய பழுதான ரீவியின் வயிற்றுக்குள் இருந்தது. கரண்டே இல்லாத ஊரில் இதை வைத்து என்ன செய்ய என்று பெட்டியோடு தந்துவிட்டார். சோல்டரிங் அயனும் கரண்ட் கேட்கிற சாமான்தானே. தடித்த செப்புக் கம்பியை அடுப்புத் தணலில் பழுக்கவைத்து ஈயத்தை உருக்கினேன். அம்மா சோறு வடிக்கிற நேரம்தான் என் பட்டறை நேரம்.

முதல் நாள், முன் லைற் எரிவது வீண் செலவு என்று நினைத்து பல்ப்பைக் கழற்றிவிட்டேன். சுத்த மடைத்தனம். இழுக்கிற பாரம் குறைந்தால் டைனமோவின் வோல்ற் கட்டுமீறி ஏறும். சின்னவன் உற்சாகத்தில் இறுக்கிச் சுற்ற, கொண்டென்சர் பட்டென்று வெடித்து, மீன் கருகினமாதிரி நாறியது. றேடியோ தப்பியது தெய்வாதீனம். அடுத்த கொண்டென்சர் கிடைக்க இரண்டு கிழமை. அதற்குப் பிறகு பல்ப் எரிந்துகொண்டே இருக்கும்; மிஞ்சியதைத் தின்று றேடியோவைக் காப்பாற்றும். 'பல்ப்பைக் கழட்டாதை' என்பது எங்கள் வீட்டுக் கட்டளையாயிற்று.

இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. விறாந்தையில் அயல் சனம் கூடிவிடும். சின்னவனின் கை களைத்தால் வெளிச்சமும் மங்கும், லண்டன் குரலும் கிணற்றுக்குள் இறங்கும். "சுத்தடா, சுத்தடா!" என்று கத்துவார்கள். டைனமோ சில்லில் உரசுகிற சத்தத்தில் அவனுக்கு மட்டும் ஒரு சொல்லும் கேட்காது. முடிந்ததும் என்னிடம்தான் வருவான். "என்னவாம் அண்ணா?"

1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்துச் சனம் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அந்தச் சயிக்கிளில் அரிசி மூட்டை இருந்தது. டயோட்டுப் பாலம் எந்த இடத்தில் விழுந்ததோ. பிறகு கொழும்பு, வெள்ளவத்தை லொட்ஜ் அறை, கொம்பியூட்டர் வகுப்பு, பஸ்கால் புரோகிராம் மொழி, வேலை. அந்தக் கதை எல்லாருடைய கதையும்தான். கொம்பியூட்டரில் பிழை விட்டால் மணக்காது என்பது மட்டும் எனக்குப் பழக நாள் எடுத்தது. இரைச்சல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கச் சேர்க்கிற்றின் பாதியைக் கழற்றி வைப்போமே, புரோகிராமிலும் இன்றைக்கும் அதையேதான் செய்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் அலுவலகத்தில் ஒரு பெடியன், தேவையில்லாமல் வேகத்தைக் குறைக்கிறது என்று ஒரு கட்டுப்பாட்டு வரியை அழித்துவிட்டான். அன்றிரவே எல்லாம் படுத்துவிட்டது. "பல்ப்பைக் கழட்டிப்போட்டாய்" என்றேன். அவன் திருதிருவென்று விழித்தான்.

இதைச் சிரிப்புக்காகச் சின்னவனிடம் தொலைபேசியில் சொன்னேன். ரொறன்ரோவில் லொறி ஓட்டுகிறான். சிரித்தவன், கொஞ்ச நேரம் கழித்து, சித்தப்பா கிளாலிக் கடலைப் படகில் கடந்த அந்தக் கிழமையைப் பற்றிக் கேட்டான். படகுகளில் போன சனத்தைச் சுட்டதாகச் செய்தி வந்த இரவும் அவன்தான் சுற்றினான். "என்னவாம் அண்ணா?" என்றதற்கு, "ஒண்டுமில்லை, போய்ப் படு" என்றிருந்தேன். நாலாம் நாள் சித்தப்பா உயிரோடு வந்து சேர்ந்ததால் அந்தப் பொய்யை நானே மறந்துவிட்டேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணா," என்றான். "அம்மாவின்ரை முகத்தைப் பாத்தனான். பல்ப் எரிஞ்சுகொண்டுதானே இருந்தது."