ஒரே அச்சில் வார்த்த படகு

தம்பி, சென்னையில் வேலைக்குச் சேர்ந்து கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பந்தயப் பாய்மரப் படகு வாங்கப்போகிறேன் என்று சொன்னாய். வீட்டில் எல்லோரும் தலையில் கைவைத்தார்கள். போடியில் ஒருவன் கையில் பணம் சேர்ந்தால் மேலே பூப்பாறைப் பக்கம் ஓர் ஏக்கர் ஏலத்தோட்டம் பார்ப்பான், இல்லாவிட்டால் டவுனுக்குள் ஒரு மனை பார்ப்பான். படகு வாங்கியவர் நம் சொந்தத்தில் யாரும் இல்லை. இருந்தாலும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்தவர் படகில் முன்பாயைப் பிடித்து உட்கார்ந்தவன் நான். அந்த ஆசை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். தடுக்க மாட்டேன்.

ஆனால் நீ போனில் காட்டிய அந்தப் படகை வாங்காதே. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வேகம் அதிகம் என்கிறாய், விலையும் மலிவு என்கிறாய். அதே மாதிரிப் படகு சென்னையில் இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்டேன். ஒருவரிடமும் இல்லை என்று பெருமையாகச் சொன்னாய். நான் பேச வந்தது அந்தப் பெருமையைப் பற்றித்தான்.

பாய்மரப் பந்தயம் ஒரு காலத்தில் பணக்காரர்களின் பணப்பைப் பந்தயமாக இருந்தது. எவன் அதிகம் செலவழித்து நீளமான, லேசான படகு கட்டுகிறானோ அவன் ஜெயிப்பான். அடுத்த வருடம் இன்னொருவன் அதைவிட அதிகம் செலவழிப்பான். பழைய படகு ஒரே வருடத்தில் பெறுமானம் இழந்து கரையில் கிடக்கும். அயர்லாந்தில், டப்ளின் பக்கத்துத் துறைமுகத்தில், தாமஸ் மிடில்டன் என்பவருக்கு இது பிடிக்கவில்லை. எல்லோரும் ஒரே வரைபடத்தில், ஒரே அளவில், ஒரே பாயோடு படகு கட்டிக்கொள்வோம், யார் நன்றாக ஓட்டுகிறார் என்று அப்புறம் பார்க்கலாம் என்றார். 1887-ல் அப்படித் தொடங்கிய ‘வாட்டர் வேக்’ படகுகள் இன்றும் அங்கே பந்தயம் ஓடுகின்றன. உலகம் முழுக்க இப்போது சிறு படகுப் பந்தயம் பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கிறது. பத்து வயதுப் பிள்ளைகள் ஓட்டுகிற ஆப்டிமிஸ்ட், பெரியவர்கள் ஓட்டுகிற லேசர், இரண்டுமே அப்படிப்பட்டவை.

லேசரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உனக்கு அதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். கனடாக்காரர் புரூஸ் கெர்பி வரைந்து, 1971-ல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் விற்பனைக்கு வந்தது. நாலே கால் மீட்டர் நீளம், வெறும் படகின் எடை அறுபது கிலோவுக்குள். காரின் மேல் கட்டிக்கொண்டு போகலாம். இதுவரை இரண்டு லட்சத்துக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். 1996-லிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. இப்போது அதற்கு ஐ.எல்.சி.ஏ. என்று பெயர், கரையில் இருப்பவர்கள் இன்னும் லேசர் என்றே சொல்கிறார்கள். இதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. படகு ஒன்றுதான், பாய்மரத்தின் கீழ்த்துண்டையும் பாயையும் மட்டும் மாற்றினால் மூன்று அளவு. சின்னப் பிள்ளைக்கு 4.7 சதுர மீட்டர் பாய், நடுத்தர எடைக்காரருக்கு 5.76, கனத்த ஆளுக்கு 7.06. நீ அறுபது கிலோவைத் தாண்டாதவன். பெரிய பாயைக் கட்டிக்கொண்டு போனால் மதியக் கடற்காற்று உன்னைத் தூக்கி எறிந்துவிடும். நடு அளவுதான் உனக்கு. நாளைக்கு உடம்பு போட்டால் மரமும் பாயும் மாற்றிக்கொள்ளலாம், படகை விற்க வேண்டியதில்லை.

எல்லோரிடமும் உள்ளதையே நானும் வாங்கினால் எனக்கென்று என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். நம் மலையைப் பார்த்துச் சொல்கிறேன். என் சின்ன வயதில் தோட்டத்துக்குத் தோட்டம் ஏலச்செடி வேறுவேறு. மலபார், மைசூர், வழுக்கை என்று கலந்து கிடக்கும். ஒருவன் செடியில் அழுகல் வந்தால் அடுத்தவன் அனுபவம் அவனுக்கு முழுதாக உதவாது. பிறகு கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் வந்தது. சாந்தன்பாறை, ராஜகுமாரி, பூப்பாறை என்று மலை முழுக்க அதுவே பரவியது. தண்ணீர் எப்போது விடுவது, நிழலை எவ்வளவு கழிப்பது, பூச்சிக்கு எப்போது மருந்து அடிப்பது என்று வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. செடி ஒன்றாக இருந்ததால் பக்கத்துத் தோட்டக்காரன் அறிவு நம் அறிவாகிவிட்டது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில், அதே ஞள்ளானிக் காய்க்கு ஒருவனுக்கு ஒரு விலையும் இன்னொருவனுக்கு வேறு விலையும் விழுகிறதே, அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது? எடுத்த பருவத்தில், ஸ்டோரில் காய வைத்த பக்குவத்தில், அதாவது ஆளின் கையில் இருக்கிறது. ஒரே அச்சுப் படகு உனக்குத் தரப்போவதும் இந்த இரண்டைத்தான்: கேட்டுக் கற்றுக்கொள்ள ஒரு கூட்டம், உன் கை எப்படிப்பட்டது என்று காட்டும் அளவுகோல்.

அந்த அளவுகோல் கடுமையானது. முதல் வருடம் நீ கடைசியில்தான் வருவாய். படகு சரியில்லை என்று சொல்ல முடியாது, முன்னால் போகிறவர் படகும் அதேதான். பாய் சின்னது என்று சொல்ல முடியாது. காற்று கூடக் குறைவில்லாமல் எல்லோருக்கும் ஒன்று. பந்தயம் முடிந்து கரை ஏறியதும் முதலில் வந்தவரிடம் போய் நில். பாயின் அடிவிளிம்பை எவ்வளவு இழுத்துக் கட்டினீர்கள், அந்த மிதவையைச் சுற்றும்போது ஏன் அவ்வளவு வெளியே போனீர்கள் என்று கேள். உன் படகில் அப்படியே செய்து பார்க்கலாம், அதே படகு என்பதால். நீ காட்டிய அந்த அழகான படகை வாங்கியிருந்தால் இந்தக் கேள்வியை யாரிடம் போய்க் கேட்பாய்? வேகமான படகில் தனியாகப் போகிறவனுக்குத் தான் வளர்கிறோமா தேய்கிறோமா என்பதே தெரியாது. இதைப் படகுக்கு மட்டும் சொல்லவில்லை என்பதும் உனக்குப் புரியும்.

உன் மாமா, வைகை அணையில் போட்டு ஓட்டலாமே, ஆண்டிபட்டிக் கணவாயில் காற்றாலை சுற்றுகிற காற்று இருக்கிறதே என்றார். காற்று இருக்கிறது, மறுக்கவில்லை. ஆடி மாதத்தில் நம் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றுக்கு எந்தப் பாயும் நிறையும். ஆனால் அங்கே பந்தயம் ஓட்டும் கூட்டம் இல்லை. நீ சென்னையில் இருக்கிறாய். துறைமுகத்துக்குள் 1911-ல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் அந்த நகரத்தில்தான். 2009-ல் அந்தச் சங்கம் நடத்திய கோடைப் பயிற்சி முகாமுக்குப் போனவர்தான் நேத்ரா குமணன். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். பாய்மரப் படகில் அப்படித் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். நீ வாங்க வேண்டும் என்று நான் சொல்கிற அதே நடு அளவுப் பாயில்தான் அவர் ஒலிம்பிக்கில் ஓட்டினார். பெரிய பாயில் ஓட்டிய விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்தவர், ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக்குக்குப் போகிறவர் ஏறுகிற படகும், புதிதாகக் கற்கிறவன் ஏறுகிற படகும் ஒரே அச்சு. இப்படி எத்தனை விளையாட்டில் உண்டு, யோசித்துப் பார்.

சரி, வாங்குவதற்கு வருவோம். உடனே வாங்காதே. முதலில் பயிற்சியில் சேர், சங்கத்துப் படகில் கவிழ்ந்து நிமிர்த்திப் பழகு. சின்னப் படகு கவிழத்தான் செய்யும். அடிப்பலகையில் ஏறி நின்று எடையைப் பின்னால் போட்டால் எழுந்து நிற்கும். அதைப் பயமில்லாமல் செய்ய வருகிற வரைக்கும் சொந்தப் படகு வேண்டாம். ஒரு பருவம் இரண்டு பேர் ஓட்டுகிற படகுகளில் துணைக்கு ஆள் குறைகிறபோது ஏறிக்கொள். ஓசியில் கிடைக்கிற பாடம் அதுதான், அதைவிட நல்ல பாடமும் இல்லை.

வாங்கும்போது பழையதாகவே வாங்கு. புதுப் படகு பல லட்சம் போகும். பழைய படகைப் பளபளப்பைப் பார்த்து எடைபோடாதே. பாய்மரம் நிற்கும் குழியில் தண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் விட்டுப் பார். மட்டம் இறங்கினால் உள்ளே ஓட்டை, அங்கேதான் எல்லாப் பாரமும் இறங்குகிறது, அந்தப் படகை விட்டுவிடு. தளத்தில் உட்காரும் இடத்தை உள்ளங்கையால் அழுத்து. மெத்தென்று உள்வாங்கினால் தளம் உள்ளே தளர்ந்துபோயிருக்கிறது. முடிந்தால் தராசில் ஏற்று. தண்ணீர் குடித்த படகு பார்க்க நன்றாகவே இருக்கும், எடைதான் காட்டிக்கொடுக்கும். மரத்தின் மேல்துண்டைச் சமதளத்தில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரியும். சுக்கான் மாட்டுகிற இடம் ஆட்டம் காணக் கூடாது. பாய் மட்டும் பழையதாக இருந்தால் கவலைப்படாதே, முதலில் தேய்வது பாய்தான், எப்படியும் மாற்றப் போகிறாய். ஆனால் அனுமதி பெற்றவர்கள் தயாரித்த பாயைத்தான் கட்ட வேண்டும், தெருவில் தைத்துக் கட்டினால் பந்தயத்தில் சேர்க்க மாட்டார்கள். அந்தக் கண்டிப்புதான் உன் பணத்துக்குக் காவல். நாளைக்கு நீ விற்கும்போது வாங்க ஆள் இருக்கும், கூட்டத்தில் எல்லோருக்கும் வேண்டிய படகு அது. உறுப்பினர் கட்டணம், நிறுத்தி வைக்கிற வாடகை, தள்ளுவண்டி, கயிறுகள், வெளியூர்ப் பந்தயத்துக்குக் கொண்டுபோகிற செலவு இவையெல்லாம் படகின் விலைக்கு மேலே வரும். கையில் இருப்பதில் பாதிக்கு மேல் படகில் போடாதே.

இதையெல்லாம் விட உன்னிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்று இருக்கிறது. நடுக்கடலில் நடுவர் கூடவே வந்து விசில் அடிக்க மாட்டார். வலப்பக்கம் காற்று வாங்கி வருகிற படகுக்கு, இடப்பக்கம் வாங்கி வருகிறவன் வழிவிட வேண்டும். நீ வழிவிடவில்லை என்றால் நீயே ஒத்துக்கொண்டு விலகிப் போய் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு வர வேண்டும். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. யாரும் பார்க்கவில்லை என்றாலும் சுற்ற வேண்டும். இது பழகிய பிள்ளை அலுவலகத்தில் பொய்க் கணக்கு எழுத மாட்டான் என்று நான் நம்புகிறேன்.

பந்தய விதிப் புத்தகத்தின் முதல் விதி என்ன தெரியுமா? ஆபத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டும் என்பதுதான். 1988 சியோல் ஒலிம்பிக்கில், பூசான் கடலில், கனடாவின் லாரன்ஸ் லெமியூ ஃபின் என்ற வகைப் படகில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தார். காற்று திடீரென்று வெறிபிடித்து ஏறியது. பக்கத்துப் பந்தயத்தில் சிங்கப்பூர்க்காரர் இருவர் படகு கவிழ்ந்து தண்ணீரில் கிடப்பதைப் பார்த்தார். பந்தயத்தை விட்டுவிட்டுத் திரும்பினார். இருவரையும் தன் படகில் ஏற்றி, மீட்புப் படகு வரும்வரை காத்திருந்தார். பிறகு மறுபடியும் ஓட்டி எங்கோ பின்னால் வந்து சேர்ந்தார். அந்தப் பந்தயத்துக்கு நடுவர் குழு அவருக்கு இரண்டாம் இடத்தையே கொடுத்தது. பதக்கம் கிடைக்கவில்லை, மொத்தத்தில் பதினொன்றாவது இடம். அந்த வருடம் ஃபின்னில் தங்கம் வாங்கியவர் பெயர் எனக்கு நினைவில் இல்லை. லெமியூ பெயர் இருக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் நம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். உயிர்காப்புச் சட்டை கரையிலேயே மாட்டிக்கொள், படகில் ஏறிய பிறகு அல்ல. நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கும் இது பொருந்தும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பணத்தை எடுத்துக்கொள்ளாமல் துறைமுகத்துக்குப் போ. முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிக்கொள். எந்தப் படகு அதிகம் நிற்கிறது என்று எண்ணிப் பார், படகு இறக்கும்போது ஒரு கை கொடு, ஆள் வேண்டுமா என்று கேள். ஒரு பருவம் அப்படிப் போய்வா. அதன் பிறகும் ஆசை இருந்தால், அந்தக் கூட்டம் ஓட்டுகிற படகிலேயே பழையது ஒன்று விலைக்கு வரும்போது எனக்குப் போன் பண்ணு. உன் பங்கில் குறைவதை நான் போடுகிறேன், உன் அம்மாவிடமும் நானே பேசுகிறேன்.