கிப்லி படங்களும் ஒரு ரசிகர் கையேடும்

ஸ்டூடியோ கிப்லி படங்களுக்குக் கையேடு எழுத உட்காரும் ரசிகருக்கு முதல் வரியிலேயே சிக்கல். பெயரை எப்படி எழுதுவது? இத்தாலிய விமானம் ஒன்றின் பெயரிலிருந்து ஹயாவோ மியாசாகி எடுத்த சொல் அது. லிபியப் பாலைவனத்தில் வீசும் சூடான காற்றுக்கும் அதே பெயர்தான். இத்தாலிய உச்சரிப்பு 'கிப்லி'. ஜப்பானியர்களோ 'ஜிபுரி' என்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் இந்தத் தகராறு வெளியே தெரியாது. தமிழில் எழுதுபவர் 'கி'யா 'ஜி'யா என்று ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆகவேண்டும்!

சரி, பெயர் முடிந்தது. எந்தப் படத்திலிருந்து ஆரம்பிப்பது? 'நௌசிகா' வெளிவந்தது 1984 மார்ச்சில். ஸ்டூடியோ தொடங்கியது 1985 ஜூனில். கணக்குப்படி பார்த்தால் அது கிப்லி படமே அல்ல. ஆனால் அந்தப் படம் ஓடியிருக்காவிட்டால் ஸ்டூடியோவே வந்திருக்காது. அதனால் எல்லாக் கையேடுகளும் அதை முதலில் வைத்துக்கொள்கின்றன. யாரும் சண்டைக்கு வருவதில்லை.

ரசிகர்கள் எழுதும் கையேட்டால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு இந்த நௌசிகாவே பதில். 1985ல் இந்தப் படத்தை அமெரிக்காவில் 'வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்' என்று பெயர் மாற்றி வெளியிட்டார்கள். ஏறக்குறைய 22 நிமிடங்கள் காலி. நாயகி பெயர் ஸாண்ட்ரா ஆகிவிட்டது. பார்க்கப் பயங்கரமான நச்சுக்காடுதான் மனிதன் கெடுத்த மண்ணைச் சுத்தம் செய்கிறது என்பது இந்தப் படத்தின் உயிர்நாடி. அதை மழுங்கடித்துவிட்டு, பூச்சிகளோடு சண்டை போடும் சாகசப் படமாக ஆக்கிவிட்டார்கள். வெட்டாத படம் ஆங்கிலத்தில் டிவிடியாக அமெரிக்காவுக்கு வந்தது 2005ல்தான். இடைப்பட்ட இருபது வருடத்தில் வீடியோ கடையில் அந்த கேசட்டை எடுத்த ஒருவருக்கு, தான் பார்த்தது அரைகுறை என்று யார் சொல்லியிருப்பார்கள்? விற்ற கம்பெனி சொல்லாது. இன்னொரு ரசிகர் சொன்னால்தான் உண்டு.

இதில் பட்ட சூடுதான், பிற்பாடு வெளிநாட்டுக்குப் படம் கொடுக்கும்போது வெட்டக்கூடாது என்று ஸ்டூடியோவைப் பிடிவாதம் பிடிக்க வைத்தது. 'மொனோனோகே' படம் அமெரிக்கா போனபோது, 'வெட்டாதே' என்ற செய்தியோடு மிராமாக்ஸ் நிறுவனத்துக்கு ஒரு சாமுராய் வாள் போனது. மியாசாகிதான் அனுப்பினார் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது தன் தயாரிப்பாளர் செய்த வேலை என்று 2005ல் கார்டியன் பேட்டியில் மியாசாகியே சொல்லிவிட்டார். தயாரிப்பாளர் என்றால் டோஷியோ சுஸுகி. கதை இப்போதும் சூப்பர்தான், ஆள் மட்டும் வேறு. கையேடு எழுதுபவர் இதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது வரிசை. 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் இரண்டு கிப்லி படங்கள் ஒன்றாக, ஒரே காட்சியில் இரண்டு படம் என்ற கணக்கில் வெளிவந்தன. ஒன்று மியாசாகியின் 'டோட்டோரோ'. கிராமத்து வீட்டுக்குக் குடிவரும் அக்காவும் தங்கையும், காட்டுக்குள் ஒரு பெரிய புசுபுசு பிராணி. இன்னொன்று இசாவோ தகஹாதாவின் 'மின்மினிகளின் கல்லறை'. 1945ல் குண்டுவீச்சில் வீட்டையும் தாயையும் இழந்த அண்ணனும் நாலு வயதுத் தங்கையும் பட்டினியில் கரைந்து போகிற கதை. டோட்டோரோவை முதலில் பார்த்துவிட்டு அடுத்ததைப் பார்த்த குடும்பங்கள் எப்படி வீடு திரும்பியிருக்கும் என்று யோசித்தாலே தொண்டை அடைக்கிறது.

கார்ட்டூன்தானே என்று குழந்தையிடம் அந்தப் படத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகும் பெற்றோர் இன்றும் இருப்பார்கள். கையேடு அவர்களை எச்சரித்தே ஆகவேண்டும். 'கதையைச் சொல்லிவிட்டாயே' என்று யாரும் திட்டவும் முடியாது. முதல் காட்சியிலேயே அண்ணன் தன் சாவைத் தானே சொல்லிவிடுகிறான். மூலக்கதையை 1967ல் எழுதிய அகியுகி நோசாகா, போர்க்காலத்தில் தன் தங்கையைப் பசிக்குப் பறிகொடுத்தவர். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த மிட்டாய் டப்பாவின் சத்தம் வேறு மாதிரி கேட்கும்.

டோட்டோரோவுக்கு வேறு விதமான ஆபத்து. டோட்டோரோ ஒரு மரணதேவன், குழந்தைகள் இரண்டும் ஏற்கனவே இறந்துவிட்டார்கள், அதனால்தான் கடைசியில் அவர்களுக்கு நிழல் விழுவதில்லை என்று ஒரு வதந்தி இணையத்தில் பல வருடமாகச் சுற்றுகிறது. 2007லேயே ஸ்டூடியோ இதை மறுத்துவிட்டது. வரைவதற்குத் தேவைப்படவில்லை, அதனால் நிழல் இல்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் மறுப்பை விட வதந்திக்குத்தான் கால் அதிகம். ஆஸ்பத்திரியில் கிடக்கும் அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று இரண்டு குழந்தைகள் பயப்படுவதுதான் படம். மியாசாகியின் தாயாரே பல வருடம் முதுகெலும்புக் காசநோயால் அவதிப்பட்டவர். அந்தப் பயத்தை ஒரு பேய்க்கதையாக்கிச் சுவாரஸ்யம் தேடுவது படத்துக்குச் செய்யும் அநியாயம்.

கடைசியாக, பெயர்கள். கிப்லி என்றாலே மியாசாகி என்று எழுதுவது சுலபம். ஆனால் 'டோட்டோரோ'வின் அந்தப் பச்சையும் வானமும் கலை இயக்குநர் கசுவோ ஓகா தலைமையில் வரையப்பட்டவை. எந்தப் பாத்திரத்துக்கு எந்த நிறம் என்று பல படங்களுக்கு முடிவு செய்தவர் மிச்சியோ யசுதா என்ற பெண்மணி. 2016ல் மறைந்தார். 1995ல் 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' எடுத்த யோஷிஃபுமி கொண்டோதான் ஸ்டூடியோவின் அடுத்த வாரிசு என்று எதிர்பார்த்தார்கள். 1998 ஜனவரியில் 47 வயதில் இறந்துபோனார். இயக்கியது அந்த ஒரே ஒரு படம்.

2025 மார்ச்சில் சாட்ஜிபிடியில் படம் உருவாக்கும் புது வசதி வந்ததும், உலகம் முழுக்க ஆளாளுக்குத் தங்கள் குடும்பப் போட்டோவை 'கிப்லி ஸ்டைல்' ஆக்கிப் போட்டுக்கொண்டார்கள். இரண்டு நாள் ஜாலி. அதில் பாதிப் பேர் கிப்லி என்பதை ஏதோ ஒரு ஃபில்டரின் பெயர் என்று நினைத்திருந்தால்கூட ஆச்சரியமில்லை. அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்த, அந்த மேகத்தை வரைந்த மனிதர்கள் இன்னார் என்று எழுதி வைப்பதற்கு இதைவிட அவசரமான நேரம் வராது.

2020 பிப்ரவரி முதல் நெட்ஃபிளிக்ஸ் கிப்லி படங்களை இந்தியா உட்படப் பல நாடுகளில் வெளியிட ஆரம்பித்தது. கேசட் தேடி அலைந்த காலம் போய்விட்டது. ஆகவே கையேடு எழுதும் ரசிகர் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, அடுத்த படம் என்று திரை அவசரப்படுத்தினாலும் நிறுத்தாதீர்கள். டோட்டோரோவில் அந்தப் பெயர்களோடுதான் சின்னச் சின்ன ஓவியங்களாக மிச்சக் கதை வருகிறது. அதில் அம்மா குணமாகி வீட்டுக்கு வந்துவிடுகிறார்.