அம்மாவின் முதல் வெளிநாட்டுப் பயணம்: செயலி பாதி, சுருக்குப்பை பாதி!

"ஏய்யா, கிள்ளானுக்கு எங்க பஸ்ஸு மாறணும்?"

அம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால், கேள்விக்குள் கொஞ்சம் பயம் ஒளிந்திருந்தது. சுந்தரபாண்டியத்தைத் தாண்டி அவர் போன தூரம், மதுரையும் திருச்செந்தூரும்தான். மலேசியாவில், கோலாலம்பூரை அடுத்த கிள்ளானில் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. பேத்தியைப் பார்க்க அம்மா போக வேண்டும். எனக்கோ லீவு கிடைக்கவில்லை. 64 வயதில், பட்டன் போன் மட்டுமே பழகிய அம்மா, தனியாகத்தான் போயாக வேண்டும்.

எங்கள் ஊர் கிருஷ்ணன்கோவிலிலிருந்து வத்திராயிருப்பு போகிற சாலையில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலை, தெருவுக்குள் நுழைந்தால் தறிச்சத்தம். அமாவாசை, பௌர்ணமி என்றால் சதுரகிரி போகிற வண்டிகள் வரிசையாகப் போகும். இந்த ஊரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான், இரண்டு மாதம் லேப்டாப்பும் போனுமாக அந்தப் பயணத்தைத் திட்டமிட்டேன். எந்தத் தளம் உதவியது, எங்கே சறுக்கினேன் என்பதையெல்லாம் சொல்கிறேன். அப்பா, அம்மாவை வெளிநாட்டுக்கு அனுப்பப்போகிறவர்களுக்குப் பயன்படும்.

முதல் வேலை டிக்கெட் இல்லை, பெயர்!

எல்லோரும் முதலில் டிக்கெட் விலையைத்தான் தேடுவோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பாஸ்போர்ட் விண்ணப்பத்தைத் திறந்ததும்தான் புரிந்தது, அம்மாவின் பெயரே சிக்கல் என்று. வாக்காளர் அட்டையில் தாத்தாவின் இனிஷியல், ஆதாரில் அப்பாவின் இனிஷியல். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகூட ஒன்றுபோல இல்லை. ஒரு அட்டையில் நடுவில் 'ஒய்' இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

பாஸ்போர்ட்டில் இனிஷியலை வெறும் எழுத்தாகப் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். 'கிவன் நேம்', 'சர்நேம்' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால், சர்நேம் கட்டத்தைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். அப்படி விடலாம்தான். ஆனால், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, பல தமிழ்க் குடும்பங்கள் திண்டாடின. அதனால் அப்பாவின் பெயரைச் சர்நேமாகப் போட்டோம். அதற்கு முன் மற்ற அட்டைகளையும் அதற்கேற்பத் திருத்திக்கொண்டோம். இதற்கே மூன்று வாரம் போனது. ஆனால், பிறகு எந்த இடத்திலும் 'பெயர் பொருந்தவில்லை' என்ற பேச்சே வரவில்லை.

விண்ணப்பிக்க, 'பாஸ்போர்ட் இந்தியா டாட் கவ் டாட் இன்' தளம் அல்லது 'எம்பாஸ்போர்ட் சேவா' செயலி. 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். புதிதாக எடுக்கும்போது 60 வயதைக் கடந்தவர்களுக்கு 10 சதவிகிதம் தள்ளுபடி உண்டு. பணம் கட்டி, மதுரை சேவை மையத்துக்கு நாள் குறித்துக்கொண்டோம். போலீஸ் விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை, ஃபைல் நம்பரைப் போட்டு வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு பயமும் இருந்தது. அம்மா பத்தாம் வகுப்பு முடிக்கவில்லை. 'ஈசிஆர்' முத்திரை விழுந்துவிடுமே என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்தக் கட்டுப்பாடு, குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அதிலிருந்து விலக்கும் உண்டு. தெருவில் கேட்பதைவிட, அந்தத் தளத்திலேயே கேள்வி-பதில் பகுதியைப் படித்துவிடுவது நல்லது.

அசல் தளம் எது, போலி எது?

மலேசியாவுக்குச் சுற்றுலாவாகவோ, உறவினரைப் பார்க்கவோ போகிற இந்தியர்கள் 30 நாள்வரை தங்க விசா தேவையில்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தச் சலுகை இருக்கிறது. 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால், 'எம்டிஏசி' என்கிற டிஜிட்டல் வருகை அட்டையைப் பூர்த்தி செய்ய வேண்டும். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம், இந்த இலவச அட்டைக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டியிருந்தது. தேடும்போது முதலில் வந்தது விளம்பரத் தளம். பார்க்க அரசுத் தளம் மாதிரியே கொடி, முத்திரை எல்லாம் இருந்ததாம். கார்டு நம்பரைக் கொடுத்த பிறகுதான் சந்தேகம் வந்திருக்கிறது.

தப்பிக்க ஒரு எளிய வழி உண்டு. முகவரியின் வால் பகுதியைப் பாருங்கள். இந்திய அரசு என்றால் 'கவ் டாட் இன்', மலேசியா என்றால் 'கவ் டாட் எம்ஒய்', சிங்கப்பூர் என்றால் 'கவ் டாட் எஸ்ஜி', தாய்லாந்து என்றால் 'கோ டாட் டிஎச்' என்று முடிய வேண்டும். சிங்கப்பூரின் 'எஸ்ஜி அரைவல் கார்டு', 2025 மே 1 முதல் தாய்லாந்து கேட்கிற 'டிடிஏசி' இரண்டும்கூட இலவசம்தான். இலவச அட்டைக்கு யார் பணம் கேட்டாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறும். யூடியூபில் போன வருடம் யாரோ சொன்னதை நம்பாமல், டிக்கெட் போடும் அன்று அந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மலிவு வேண்டுமா, நேர் வழி வேண்டுமா?

விலையை ஒப்பிட 'கூகுள் ஃப்ளைட்ஸ்', 'ஸ்கைஸ்கேனர்' இரண்டும் போதும். கூகுள் ஃப்ளைட்ஸில் நாள்காட்டியைத் திறந்தால் எந்தத் தேதியில் விலை குறைவு என்று தெரியும். விலை மாறினால் மின்னஞ்சல் அனுப்பவும் சொல்லி வைக்கலாம். எங்களுக்குப் பக்கம் மதுரை விமான நிலையம்தான். ஆனால், அங்கிருந்து கோலாலம்பூருக்கு வந்ததெல்லாம் வழியில் மாறிப் போகிற டிக்கெட். திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருந்தது. காரில் ஐந்து மணி நேரம் போனாலும் பரவாயில்லை என்று திருச்சியையே தேர்ந்தெடுத்தேன். நான் போவதாக இருந்தால் மலிவைப் பார்த்திருப்பேன். அம்மா தனியாக, பாஷை தெரியாத ஊரில் விமானம் மாறுவதை நினைத்தே பார்க்க முடியவில்லை.

தளங்களில் ஒப்பிட்டுவிட்டு, டிக்கெட்டை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே எடுத்தேன். தேதி மாற்றவோ, ரத்து செய்யவோ நேர்ந்தால் நடுவில் ஆள் இல்லாமல் இருப்பது நல்லது. அங்கேயே 'வீல்சேர் உதவி'யையும் பதிவு செய்தேன். "எனக்குக் காலு நல்லாத்தான இருக்கு!" என்று அம்மா கோபப்பட்டார். நடக்க முடிகிறதா என்பதல்ல விஷயம். நிற்கவோ, நீண்ட தூரம் நடக்கவோ சிரமப்படுகிற வயதானவர்களுக்கான ஏற்பாடு அது. செக்-இன் முதல் விமானக் கதவுவரை ஒரு பணியாளர் கூடவே வருவார். மூட்டுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிற அம்மா, கடைசியில் சம்மதித்தார்.

நள்ளிரவில் மாறிய தேதி

இது என் தப்பு. விமானம் 18-ம் தேதி நள்ளிரவு 12.25 மணிக்கு. நான் 18-ம் தேதி சாயங்காலம் கிளம்ப கார் சொல்லிவிட்டேன். 16-ம் தேதி வருகை அட்டையைப் பூர்த்தி செய்ய உட்கார்ந்தபோது, தங்கை போனில் கேட்டாள்.

"அண்ணே, கார் எப்போ சொல்லியிருக்க?"

"18 சாயங்காலம்."

"அப்போ அம்மா வர்ற விமானம், நீங்க கிளம்புறதுக்கு முன்னாலயே இங்க வந்துருக்குமே!"

கை கால் நடுங்கிவிட்டது. 18-ம் தேதி 12.25 என்றால், 17-ம் தேதி ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அவள் கேட்டிருக்காவிட்டால் டிக்கெட் பணம் மொத்தமும் போயிருக்கும். அதைவிட, அம்மா இன்னொரு முறை துணிந்து கிளம்பியிருப்பாரா என்பது சந்தேகம்தான். நள்ளிரவு விமானம் எடுத்தால், 'கிளம்பும் ராத்திரி' எது என்று நாள்காட்டியில் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுங்கள்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் அந்தந்த ஊர் நேரம் என்பதையும் மறக்கக் கூடாது. மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. 12.25-க்குக் கிளம்பிக் காலை 6.55-க்குச் சேரும் என்றதும், "ஆறரை மணி நேரமா உட்காரணும்?" என்றார் அம்மா. உண்மையில் நான்கு மணி நேரம்தான்.

பணம், போன், பெட்டி

மாற்று விலையைப் பார்க்க 'எக்ஸ்இ' செயலி. அதில் தெரிவது சந்தை விலை. பணம் மாற்றுகிற கடையில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். 'கமிஷன் இல்லை' என்று போர்டு வைத்திருந்தாலும், லாபம் விலைக்குள்ளேயே இருக்கும். இரண்டு, மூன்று இடங்களில் கேட்டு மாற்றுங்கள். யூபிஐ 2024 பிப்ரவரியில் இலங்கை, மொரீஷியஸ் நாடுகளுக்கும் போயிருக்கிறது. ஆனாலும், அதை மட்டும் நம்பி வெறுங்கையோடு இறங்காதீர்கள்.

இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங் வசதியைக் கிளம்பும் முன்பே இயக்கிவிடுங்கள். வங்கி ஓடிபி வர அது வேண்டும். ஸ்மார்ட்போன் கொண்டுபோகிறவர்கள், போகிற ஊரின் வரைபடத்தை 'கூகுள் மேப்ஸ்' செயலியிலும், அந்த மொழியை 'கூகுள் டிரான்ஸ்லேட்' செயலியிலும் வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால், இணையம் இல்லாமலும் பயன்படும். மலேசியா, சிங்கப்பூர் இரண்டிலும் வாடகை காருக்கு 'கிராப்' செயலி. அங்கே சுவரில் இருப்பது சதுரமான மூன்று துளை பிளக். நம் சார்ஜருக்கு அடாப்டர் வேண்டும்.

பெட்டி கட்டும்போதுதான் பெரிய வாக்குவாதம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமைக்குரியது என்றாலும், பால் பொருள்களுக்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. "பேத்தி பொறந்திருக்கா, வெறுங்கையோடவா போவேன்?" என்ற அம்மாவைச் சமாதானப்படுத்தி, பால்கோவாவைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, எங்கள் ஊர்க் கைத்தறிச் சேலை ஒன்றை வைத்தோம். கறிவேப்பிலை, மாங்காய், விதை போன்றவற்றை அனுமதியில்லாமல் கொண்டுபோகக் கூடாது. கொப்பரையை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். சிங்கப்பூர், துபாய் போகிறவர்கள் மசாலாவோடு கசகசாவை எடுத்துப்போனால் சட்டப்படி மாட்டிக்கொள்ள நேரிடும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். மாத்திரைகளும், மருத்துவரின் சீட்டோடு கைப்பையிலேயே இருக்கட்டும்.

எல்லா செயலியும் முடிந்த பிறகு...

கிளம்புவதற்கு முந்தைய நாள் ராத்திரி, என் போனைப் பார்த்தேன். டிக்கெட், வருகை அட்டை, இன்ஷூரன்ஸ், வரைபடம் எல்லாம் இருந்தன. எல்லாமே என் போனில்! போகிறவர் கையில் இருப்பதோ பட்டன் போன். அப்போதுதான் உறைத்தது.

உடனே ஒரு தாள் எடுத்தேன். மேல் பாதியில் பெரிய தமிழ் எழுத்தில்: முதலில் என்ன, அடுத்து என்ன, பெட்டியை எங்கே எடுப்பது, யார் வந்து நிற்பார்கள். 'கெலுவார்' என்றால் வெளியே போகும் வழி, 'தண்டாஸ்' என்றால் கழிப்பறை என்று இரண்டு மலாய் வார்த்தைகள். கீழ்ப் பாதியில், அதிகாரியிடம் காட்ட ஆங்கிலத்தில்: யாரைப் பார்க்க வந்தார், தங்கும் முகவரி, தங்கையின் எண், திரும்பும் தேதி. அதோடு திரும்பும் டிக்கெட், வருகை அட்டையின் அச்சுப் பிரதிகள். சிக்கலில் மாட்டும் இந்தியர்கள் புகார் செய்ய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளம் இருக்கிறது. அதன் பெயரையும், கோலாலம்பூர் இந்தியத் தூதரக எண்ணையும் எழுதினேன்.

திருச்சி விமான நிலையத்தில் அம்மா உள்ளே போன பிறகு, காருக்குள் உட்கார்ந்து 'ஃப்ளைட்ரேடார்24' செயலியைத் திறந்தேன். ஒரு சின்ன மஞ்சள் விமானம் கரையைத் தாண்டி, வங்காள விரிகுடாவுக்கு மேலே நகர்ந்தது. ஊர் வந்து சேரும்வரை தூக்கம் வரவில்லை. விடிந்ததும் தங்கையிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. அம்மா மடியில் பேத்தி.

மூன்று வாரம் கழித்து அம்மா திரும்பி வந்தார். திண்ணையில் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். "தனியா எப்படிக்கா போன?" என்று கேட்டதற்கு, அம்மா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். நாலாக மடித்த அந்தத் தாள், வெற்றிலைக் கறையோடு இருந்தது.

"கம்ப்யூட்டரு எல்லாம் என் மகன் பாத்துக்கிட்டான். நான் இந்தத் தாளப் பாத்துக்கிட்டேன்."

இப்போது அந்தத் தாளை நகல் எடுக்க, எங்கள் தெருவில் இரண்டு வீட்டிலிருந்து கேட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது முதன்முறையாகக் கிளம்புகிறார்களா? எல்லா செயலிகளையும் பயன்படுத்துங்கள். கடைசியில் மறக்காமல் ஒரு தாளும் எழுதிக் கொடுங்கள்!