போயிடுச்சா, இருக்கா?

"உனக்கு வந்தது போயிடுச்சாக்கா?" என்று என் ஓர்ப்படி இன்றைக்கும் மாதம் ஒரு தடவையாவது கேட்டுவிடுகிறாள். "இப்போதைக்குக் காணலை" என்பேன். "காணலைன்னா என்ன அர்த்தம்? போயிடுச்சுன்னுதான் சொல்லுங்களேன்" என்பாள். அதை மட்டும் என்னால் சொல்ல முடிவதில்லை. டாக்டரம்மாவே சொல்லாததை நான் எப்படிச் சொல்வது?

ஆரம்பித்து வைத்ததே அவள்தான். 2022 ஆடி மாதம். அவளுக்கு வெள்ளைப்பாடு அதிகமாக இருந்தது. தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். எங்கள் தெருவுக்கு சர்க்கரை, பிரஷர் பார்க்க வரும் அம்மா, "முப்பது வயசு தாண்டினவங்க கர்ப்பப்பை வாயைப் பார்த்துக்கணும், அரசாங்க ஆஸ்பத்திரியிலே காசு கிடையாது" என்று மூன்று தடவை சொல்லியிருந்தார். மூன்று தடவையும் மாவு அரைக்கணும், துணி ஊறுது என்று தட்டிக் கழித்தவள் நான். அன்று நர்ஸம்மா, "வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் பார்த்துக்குங்க" என்றதும் மறுக்க முடியவில்லை.

பயப்படும்படி ஒன்றுமில்லை, சகோதரிகளே. வினிகரில் இருக்கும் அமிலத்தைத் தண்ணீர் கலந்து பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவுகிறார்கள். ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், மாறுதல் உள்ள இடம் வெளுத்துத் தெரியும். கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கி 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு இப்படித் தடவிப் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தார்களாம். அதனால் இந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்ததென்று 2007-ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் வந்தது. இதெல்லாம் பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓர்ப்படிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வெளுத்துத் தெரிந்தது எனக்கு!

மேல் பரிசோதனைக்குப் புதுச்சேரி போகச் சொன்னார்கள். கருவி வைத்துப் பெரிதாக்கிப் பார்த்து, துளி சதை எடுத்து அனுப்பினார்கள். எச்.பி.வி. என்ற வைரஸுக்கும் தனியாகச் சோதித்தார்கள். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய் இல்லை, மாறுதலும் லேசானதுதான். ஆனால் வைரஸ் இருக்கிறது.

"அதுக்கு மருந்து எழுதிக் கொடுங்கம்மா" என்றேன். டாக்டரம்மா சிரித்தார். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாதாம். அது உண்டாக்கும் மாறுதல் முற்றினால் அந்த இடத்தைச் சுட்டோ வெட்டியோ எடுப்பார்களாம். என்னுடையது அந்த அளவுக்கு இல்லை. "பத்துப் பேரிலே ஒன்பது பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ளே உடம்பே அதை அடக்கிடும். ஒரு வருஷம் கழிச்சு வாங்க" என்றார்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "இது எப்படிம்மா வந்தது?" தாம்பத்திய உறவால் என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். திண்டிவனம் தாண்டியது தெரியாது, ராஜகிரி கண்ணில் பட்டது தெரியாது. என் மனசில் ஓடியதெல்லாம் ஒரே கணக்குத்தான். கல்யாணத்துக்கு முன்னால் இவர் ஐந்து வருஷம் பெங்களூரில் வேலை பார்த்தவர். அப்புறமும் நெல் வியாபாரம் என்று வெளியூர் போய்த் தங்கியவர்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. பாயைத் தனியாகப் போட்டுக்கொண்டேன். காப்பியை டொக்கென்று வைத்தேன். இப்படியே மூன்று மாதம். ஒரு நாள் ராத்திரி அவரே, "என்னை என்னன்னு நினைச்சுக்கிட்டிருக்கே?" என்றார். ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "நான் தப்புப் பண்ணலை. அதை எப்படி நிரூபிக்கறதுன்னு எனக்குத் தெரியலை" என்றார். அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரைப் பற்றி நான் போட்ட கணக்கை என்னைப் பற்றி அவரும் போட்டிருக்கலாமே! ரிப்போர்ட் என் பெயரில்தானே இருக்கிறது? அவர் போடவில்லை, அல்லது போட்டும் வாய் திறக்கவில்லை. அன்று நான் கூனிக் குறுகிப் போனேன்.

மறு வாரமே இரண்டு பேருமாகப் புதுச்சேரி போனோம். ஆம்பிளைகள் அந்த வாசலில் நிற்கவே தயங்குகிறார்கள். இவர் என் கைப்பையை வைத்துக்கொண்டு உள்ளேயே வந்து உட்கார்ந்தார். டாக்டரம்மா இருவருக்குமாக விளக்கினார். தாம்பத்தியத்தில் ஈடுபடும் முக்கால்வாசிப் பேருக்கு மேல் ஆயுளில் எப்போதாவது இது வந்து போகிறதாம். பல வருஷம் சத்தமில்லாமல் உடம்பில் கிடக்குமாம். யாரிடமிருந்து வந்தது, எந்த வருஷம் வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாதாம். ஆண்களைச் சோதித்துப் பார்க்க இதுவரை அங்கீகரித்த பரிசோதனையும் கிடையாதாம். "இதை வெச்சு யார் மேலேயும் குத்தம் சொல்ல முடியாது. தனித்தனியா படுக்கவும் வேண்டாம்" என்றார். நான் தரையைப் பார்த்தேன். இவர் நான் இல்லாதபோது டாக்டரம்மாவிடம் பாயைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்!

2023-ல் போனபோதும் வைரஸ் இருந்தது. ஒன்பது பேரில் ஒருத்தியாக இருப்பேன் என்று நம்பிப் போனவளுக்கு, பத்தாவது ஆள் நாம்தானோ என்று ஆகிவிட்டது. அந்த வருஷம்தான் ரொம்பக் கொடுமை. எங்கள் கோட்டையை மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுக் கிடந்தது என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்திருக்கிறேன். எட்டு வருஷம் உள்ளே இருந்த பெண்கள் எப்படிச் சமைத்தார்கள், எப்படித் தூங்கினார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு இப்போது அதுதான் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

எல்லாரும் வைத்தியம் சொன்னார்கள். சோற்றுக்கற்றாழைச் சாறு நாற்பது நாள் குடித்தேன். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசை வேண்டுதலும் வைத்தேன். கற்றாழையால் வைரஸ் போகாது, வேணும்னா வயிறு கெடும் என்றார் டாக்டரம்மா. வேண்டுதலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் தேற்றியது அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான். உடம்பில் எதிர்ப்புச் சக்தி சரியாக இருக்கிறவர்களுக்கு இந்த வைரஸ் புற்றுநோயாக முற்ற சாதாரணமாகப் பதினைந்து, இருபது வருஷம் பிடிக்குமாம். ஒழுங்காக வந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நடுவிலேயே பிடித்துவிடலாமாம். அதற்காக நாள் பார்த்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. உறவுக்குப் பின் உதிரம் பட்டாலோ, மாதவிலக்கு நின்றவர்களுக்குத் திரும்ப உதிரம் கண்டாலோ, நாற்றத்தோடு நீர் போனாலோ அன்றைக்கே ஓட வேண்டும்.

நடுவில் எங்கள் பெண்ணுக்குத் தடுப்பூசி போட்டோம். 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் நல்ல பலன் என்றார்கள். அவளுக்கு அப்போது 13. நம் நாட்டிலேயே செய்த ஊசியும் 2023-ல் வந்துவிட்டது. "எனக்கும் போடுங்களேன்" என்றேன். ஏற்கெனவே உள்ளே இருக்கும் வைரஸை ஊசி விரட்டாது என்றார்கள். பெண்ணிடம் என்ன சொல்லிப் போடுவது என்று நான் ஒரு வாரம் யோசித்தேன். அவளோ, "கேன்சர் வராம இருக்கத்தானேம்மா? ஸ்கூல்ல சொன்னாங்க" என்று கையை நீட்டினாள்.

2024-ல் ரிப்போர்ட் நெகட்டிவ். இனிப்பு வாங்கப் போன இவரை டாக்டரம்மா நிறுத்தினார். "காணலைன்னுதான் சொல்றேன், போயிடுச்சுன்னு சொல்லலை. சில பேருக்கு முழுசா போயிடும். சில பேருக்கு பரிசோதனைக்கு அகப்படாத அளவுக்கு அடங்கிக் கிடந்து, பின்னாலே தலைதூக்கும். ரெண்டுலே எதுன்னு இன்னிக்குச் சொல்ல முடியாது. அடுத்த வருஷமும் வாங்க." இனிப்பு வாங்கினோம். கால் கிலோதான்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. நாங்கள் புதுச்சேரி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். அந்தத் தடவையும் காணவில்லை. இனி மூன்று வருஷம் கழித்து வந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்.

2028-க்கு இன்னும் காலண்டர் வரவில்லை. இவர் ஒரு சீட்டில் மாதத்தையும் வருஷத்தையும் எழுதி, ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார். நேற்று ஓர்ப்படி வந்து மறுபடியும் கேட்டாள். "அதை விடு, நீ கடைசியா எப்போ பார்த்துக்கிட்டே?" என்றேன். 2022-க்கு அப்புறம் அவள் போகவே இல்லை. வருகிற புதன்கிழமை துணைக்கு நான் போகிறேன்.