கேட்டவர் எழுந்து போன பிறகு

ஈரோட்டில் ஒரு பார்சல் ஆபீஸுக்கு நான் ஆண்ட்ராய்டு ஆப் எழுதிக் கொடுத்தது 2012இல். பெட்ஷீட், துண்டு, நூல் பண்டல் என்று ஜவுளிச் சரக்கு ஏறி இறங்கும் இடம். புக்கிங் கிளார்க் ஐம்பதைத் தாண்டியவர். முப்பது வருஷமாக ஒரே மேஜை, ஒரே அகலத்து லெட்ஜர். அவர் போனில் எல்.ஆர். (லாரி ரசீது) நம்பரைத் தட்டினால் சரக்கு எங்கே இருக்கிறது, வாடகை எவ்வளவு, அது பெய்டா (அனுப்புகிறவர் முன்பே கட்டியது) டு-பேயா (சரக்கை எடுக்கிறவர் கட்ட வேண்டியது) என்று காட்ட வேண்டும். புது புக்கிங்கும் அதிலேயே போட வேண்டும். கேட்க எளிதாக இருந்தது. மூன்று வாரத்தில் முடித்துவிடுவதாக வாய் கொடுத்துவிட்டேன்.

முதல் பதிப்பில் பட்டனைத் தட்டியதும் புரோகிராம் நேராக சர்வருக்குப் போகும், பதில் வரும்வரை நிற்கும், வந்ததும் திரையில் எழுதும். என் மேஜையில் வைஃபை இருந்ததால் நின்றது தெரியவே இல்லை. அங்கே 2ஜி. அவர் 'சேமி'யைத் தட்டுவார், திரை கல்லாகிவிடும். தட்டியது போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி தட்டுவார், அழுத்தித் தட்டுவார். ஐந்து விநாடி பதில் இல்லையென்றால் ஆண்ட்ராய்டே குறுக்கிட்டு, இந்த ஆப் பதில் சொல்லவில்லை, காத்திருக்கிறீர்களா மூடிவிடட்டுமா என்று கேட்கும். அதற்குள் பதில் வந்துவிட்டால் இன்னும் மோசம். அவர் தட்டிய தட்டெல்லாம் வரிசையில் காத்திருந்து ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறும்.

"ஏனுங்க தம்பி, ஒரு பண்டலுக்கு மூணு எல்.ஆர். போட்டிருக்குதுங்க உங்க மிஷினு" என்று போன் வந்தது.

நேரில் போனேன். "மெயின் த்ரெட் மாட்டிக்கிச்சுங்கண்ணா" என்றேன். அவர் கவலையோடு, "த்ரெட்டு அறுந்து போச்சுங்களா?" என்றார். சுற்றிலும் நூல் பண்டல் அடுக்கிய ஊரில் அந்த வார்த்தையைச் சொன்னது என் தப்பு. அவர் மேஜையையே காட்டி விளக்க வேண்டியதாயிற்று. ஆப் திறந்ததும் அதற்கென்று ஒரு வேலையாள் கிடைக்கிறார், அவர்தான் மெயின் த்ரெட். தொடுவதை வாங்கிக்கொள்வதும் திரையை வரைவதும் எழுத்தை மாற்றுவதும் அவர் ஒருவரே. விநாடிக்கு அறுபது முறை திரை புதுப்பிக்கும் போனில் ஒரு முறைக்கு அவருக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிவிநாடி. அவரைக் கூப்பிட்டு சர்வருக்குப் போய் பதில் வாங்கி வா என்று அனுப்பினால்...

"நான் கவுன்ட்டரை விட்டுட்டு குடோனுக்குப் பண்டல் எண்ணப் போன மாதிரி ஆயிருமுங்க" என்று அவரே முடித்தார்.

ஆண்ட்ராய்டு 3.0 முதல், மெயின் த்ரெட்டில் நெட்வொர்க் வேலை செய்தால் அந்த இடத்திலேயே பிழை எழுப்பி ஆப்பை நிறுத்திவிடும்படி மாற்றிவிட்டார்கள். அவர் கையில் இருந்தது 2.3. அந்தக் கண்டிப்பு இல்லாத காலத்துப் போன். கண்டிப்பு இருந்திருந்தால் என் மேஜையிலேயே மாட்டியிருப்பேன்.

சரி, எண்ணுகிற வேலைக்கு வேறு ஆள் போட்டேன். அதாவது பின்னணியில் ஒரு த்ரெட். இங்கேதான் அவர் மேஜையின் இன்னொரு வழக்கத்தை நான் கவனிக்காமல் விட்டேன். குடோனிலிருந்து லோடுமேன்கள் வருவார்கள். இத்தனை பண்டல், இன்ன மார்க்கா என்று துண்டுச் சீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒருவர்கூட லெட்ஜரில் கை வைக்க மாட்டார்கள். அதில் எழுதுகிற பேனா ஒன்றுதான். அது அவர் சட்டைப்பையில். நானோ பின்னணி ஆளிடமே பேனாவைக் கொடுத்து, பதில் வந்ததும் நீயே திரையில் எழுதிவிடு என்றேன்.

என்னிடம் அது ஓடியது. இதைச் சொன்னால் இப்போதும் சில இளம் புரோகிராமர்கள் நம்புவதில்லை. ஆண்ட்ராய்டில் ஒரு திரையின் உறுப்புகளை உருவாக்கிய த்ரெட் தவிர வேறு எது தொட்டாலும் ஆப் விழுந்துவிடும் என்றுதானே பாடம்? பாடம் சரி. ஆனால் அதைச் சோதிக்கிற காவலாளி, திரை விண்டோவில் ஏறிய பிறகுதான் வேலைக்கு வருகிறார். ஆப் திறக்கும் முதல் கணத்தில், திரை இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும்போது, பின்னணி த்ரெட் சட்டென்று எழுதிவிட்டு வந்தால் கேட்க ஆளில்லை. நான் சோதித்தது சர்வர் இல்லாமல், கையால் போட்ட பொய்த் தகவலை வைத்து. அது காவலாளி வருவதற்கு முன்பே உள்ளே போய்விட்டு வந்தது. உண்மையான சர்வரை இணைத்து ஈரோட்டில் வைத்தபோது பதில் மூன்று விநாடி கழித்து வந்தது, காவலாளி நின்றிருந்தார், ஆப் விழுந்தது. வேகமான இடத்தில் ஓடி மெதுவான இடத்தில் விழுகிற பிழை போல ஆளைக் கிறுக்காக்குவது வேறில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு வேறு. முன்னேற்றம் காட்டும் பட்டையின் அளவை மட்டும் எந்த த்ரெட்டிலிருந்தும் மாற்றலாம். அது தானே சீட்டை மெயின் த்ரெட்டுக்கு அனுப்பிக்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்கிறது. நான் முதலில் தொட்டுப் பார்த்தது அந்தப் பட்டையைத்தான். பட்டை நகர்கிறதே, எழுத்து ஏன் மாறாது என்று ஒரு ராத்திரி போயிற்று.

ஏன் ஒரே பேனா, பூட்டு போட்டுப் பல பேனா வைத்துக்கொள்ளக் கூடாதா என்று அப்போது எனக்கும் ஆத்திரமாக இருந்தது. முயன்று பார்த்திருக்கிறார்கள். ஜாவாவின் முதல் திரைக் கருவித்தொகுப்பான ஏ.டபிள்யூ.டி.யை எந்த த்ரெட்டும் தொடலாம் என்ற எண்ணத்தோடுதான் தொடங்கினார்கள். பின்னால் வந்த ஸ்விங் அதைக் கைவிட்டு ஒற்றை த்ரெட்டுக்கு வந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜாவா பணியில் இருந்த கிரஹாம் ஹாமில்டன் 2004இல் இதற்கான காரணத்தை எழுதினார். பயனர் தொடுவது கீழே இயங்குதளத்தில் தொடங்கி மேலே ஆப் வரை ஏறிவருகிறது. ஆப் இடுகிற கட்டளை மேலிருந்து கீழே இறங்குகிறது. இரண்டும் வழியில் உள்ள அதே பூட்டுகளை எதிரெதிர் வரிசையில் கேட்கின்றன. ஒற்றை வண்டி போகும் வாய்க்கால் பாலத்தில் இரண்டு லாரி இரண்டு பக்கமும் ஏறினால் எப்படியோ அப்படி. நீ பின்னால் எடு, நான் எடுக்க மாட்டேன். இது புரிந்த பிறகு ஒற்றைப் பேனாவின் மீது எனக்கு மரியாதை வந்துவிட்டது.

லோடுமேன் சீட்டுக்கு ஆண்ட்ராய்டில் ஆரம்பம் முதலே ஏற்பாடு இருக்கிறது. மெயின் த்ரெட்டின் முன்னால் ஒரு வரிசை; லூப்பர் என்பது அந்த வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருக்கும் சுற்று; ஹேண்ட்லர் என்பது அதில் சீட்டுப் போடும் கை. இதையெல்லாம் மறைத்து வசதியாகக் கொடுத்த ஏசின்க்டாஸ்க் 2009இல் ஆண்ட்ராய்டு 1.5இல் வந்தது. ஒரு பாதி பின்னணியில் ஓடும், மறுபாதி மெயின் த்ரெட்டில் தானாக விழும். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் அதைத்தான் எழுதினோம். ஆனால் அதன் குணம் நிலையாக இருந்ததில்லை. முதலில் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தது, 1.6இல் பலவற்றை ஒரே நேரத்தில் ஓடவிட்டது, 3.0இல் மறுபடி வரிசைக்குத் திரும்பியது. 2020இல் ஆண்ட்ராய்டு 11 வந்தபோது அதைக் கைவிடப்பட்டவை பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு வருத்தமில்லை.

ஏசின்க்டாஸ்க் போட்டதும் ஆப் விழுவது நின்றது. நான் பில் அனுப்பினேன். பணமும் வந்தது. பிழை என்பது விழுவதுதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.

2013இல் ஒரு நாள் கிளார்க் கூப்பிட்டார். குரலில் கோபமில்லை, சங்கடம்தான். டு-பே பட்டியலில் ஒரு பார்ட்டிக்கு எதிரே வேறொரு பார்ட்டியின் வாடகை காட்டியிருக்கிறது. "நாலு பண்டலுக்கு இவ்வளவு வராதுங்களே தம்பி. நோட்டைப் பாத்தேன். வரலீங்க." அவர் நோட்டைப் பார்த்ததால் தப்பித்தது. இதுபோல் தொகை அதற்கு முன்னால் எத்தனை பேரிடம் மாறி வசூலாகியிருக்கும் என்று யோசித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்த முறை த்ரெட் சரி. விதி எதையும் மீறவில்லை. பட்டியலில் இருநூறு வரி இருந்தாலும் திரையில் தெரிவது எட்டு, ஒன்பது. ஆண்ட்ராய்டு இருநூறு வரியையும் உண்டாக்கி வைப்பதில்லை. மேலே நகர்ந்து மறையும் வரியையே எடுத்து, உள்ளே இருப்பதை மாற்றி, கீழே புது வரியாகக் கொண்டுவருகிறது. நான் ஒவ்வொரு வரிக்கும் வாடகையைப் பின்னணியில் கேட்டு, வந்ததும் அந்த வரியில் எழுதச் சொல்லியிருந்தேன். 2ஜியில் பதில் வருவதற்குள் அவர் விரலால் பட்டியலைத் தள்ளிவிட்டார். நான் கேட்ட வரி இப்போது வேறு பார்ட்டியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பதில் வந்தது, முறைப்படி மெயின் த்ரெட்டில் வந்தது, நல்ல பிள்ளையாகத் தப்பான வரியில் எழுதிவிட்டுப் போனது.

இதைக் கண்டுபிடித்தது லாகைப் பார்த்து, மூன்று நாள். மெஸ்ஸில் தோசை வந்தபோது ஞானம் வந்தது என்று சொல்ல ஆசைதான், அப்படி நடக்கவில்லை. ஆனால் மற்றவர்களுக்கு விளக்கும்போது தோசையைத்தான் சொல்கிறேன். நாலாம் நம்பர் டேபிளில் ஒருவர் நெய் ரோஸ்ட் சொல்கிறார். மாஸ்டர் தாமதம். அவர் பொறுமையிழந்து எழுந்து போய்விடுகிறார். அந்த இடத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சொல்கிறார். சப்ளையர் நெய் ரோஸ்ட்டைக் கொண்டுவந்து நாலாம் டேபிளில் வைத்துவிட்டுப் போகிறார். டேபிள் நம்பர் சரி, சப்ளையரும் சரியான ஆள்தான், மாஸ்டர் ஒன்றும் சமையலறையிலிருந்து ஓடிவந்து பரிமாறவில்லை. ஆள்தான் வேறு.

அன்றைக்குச் செய்த திருத்தம் சின்னது. வரியின் முதுகில் எல்.ஆர். நம்பரை எழுதி வைத்தேன். பதில் வந்ததும் முதுகைத் திருப்பிப் பார். நம்பர் மாறியிருந்தால் எழுதாதே. அந்த ஒரு நிபந்தனை வரிக்குப் பிறகு தொகை மாறியதாகப் போன் வரவில்லை. நியாயமாகச் செய்திருக்க வேண்டியது வேறு. பின்னணி வேலை எந்த வரியையும் கையில் பிடித்துக்கொண்டு போகவே கூடாது. எல்.ஆர். நம்பருக்கு எதிரே தொகையைப் பட்டியலில் குறித்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். திரை அந்தப் பட்டியலைப் பார்த்துத் தன்னை வரைந்துகொள்ளட்டும். 2017இல் லைவ்டேட்டா, வியூமாடல் என்று கூகுள் கொண்டுவந்ததும், இப்போது கம்போஸில் எழுதுவதும் இந்த வழியில்தான்.

எழுந்து போகிறவர்கள் பல விதம். போனைச் சாய்த்தால் ஆண்ட்ராய்டு அந்தத் திரையை அழித்துப் புதிதாகக் கட்டும். பழைய திரைக்காகக் கிளம்பிய வேலை, இல்லாத திரையின் சுழலும் வட்டத்தை மூடப் போய் விழும். நான் திரை சுழலாதபடி பூட்டிவைத்துச் சமாளித்தேன். கேட்டவர்களிடம் கிளார்க்குக்கு நேராக வைத்துப் பார்த்தால்தான் வசதி என்று காரணம் சொன்னேன். போனின் மொழியை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றினாலும் திரை அதேபோல் அழிந்து கட்டப்படும் என்பதை அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அதற்குப் பூட்டு இல்லை. தேடல் பெட்டியிலும் இதே கதை. 'கரூர்' என்று தட்டி, அழித்து, 'கரூர் பைபாஸ்' என்று தட்டினால், முதல் கேள்வியின் பதில் தாமதமாக வந்து இரண்டாவது பதிலின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

பார்சல் ஆபீஸ் முதலாளியின் மகன் ஐபோன் வாங்கியதால் 2016இல் அதிலும் எழுதினேன். அங்கேயும் சட்டம் ஒன்றுதான், மெயின் த்ரெட் தவிர யாரும் திரையைத் தொடக் கூடாது. ஆனால் மீறினால் ஐபோன் பெரும்பாலும் வாய் திறக்காது. எழுத்து சில விநாடி மாறாமல் இருந்துவிட்டு, எதையாவது தொட்டதும் திடீரென்று மாறும். மறுநாள் சரியாக இருக்கும். 2017இல் ஐபோன் ஆப் எழுதும் கருவியான எக்ஸ்கோடு 9 வந்தபோதுதான் இந்த மீறலைச் சோதனையின்போதே பிடித்துக் காட்டும் வசதி வந்தது. முகத்திலடித்தாற்போல் விழுகிற ஆண்ட்ராய்டே எனக்குப் பிடிக்கும்.

இப்போதைய பதிப்பு கோட்லின் கோரூட்டீனில். ஒவ்வொரு திரையும் தான் ஏவிய வேலைகளைத் தன் கணக்கில் வைத்திருக்கும். திரை மூடினால் அவையும் ரத்து. ஆனால் ரத்து என்று சொல்லிவிட்டால் மட்டும் வேலை நிற்காது. நடுநடுவே, என்னை நிறுத்தச் சொன்னார்களா என்று அது கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்காத வேலை ஓடிக்கொண்டேதான் இருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் மெயின் டிஸ்பேச்சருக்கு (அதாவது மெயின் த்ரெட்டுக்கு) மாற்றிவிட்டேன் சார், சேஃப் என்று சொல்லும்போது, அந்த நேரத்தில் யார் உட்கார்ந்திருப்பார் என்று கேட்பேன். ஒருவன் விழித்தான். தோசைக் கதையைச் சொன்னேன். பிறகு அவன் மெஸ்ஸில் என்னோடு சாப்பிட வருவதில்லை.

புது பதிப்பைக் கொடுக்க மறுபடி ஈரோடு போயிருந்தேன். கிளார்க் ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் அதே மேஜையில் இருக்கிறார். இப்போது வாடகை வந்து சேரும்வரை அந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கோடு தெரியும். தப்பான தொகையைக் காட்டுவதைவிட வெறும் கோடு நல்லது என்று நான்தான் போட்டேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அவர் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"இந்தக் கோடு எதுக்குங்க தம்பி?"

"தொகை இன்னும் வரலீங்கண்ணா. வந்ததும் மாறிக்கும்."

"வரலைன்னா வரலைன்னு எழுதிப் போடுங்க. கோடு போட்டா, வாடகை ஏதுமில்லைன்னு பார்ட்டி பண்டலைத் தூக்கிட்டுப் போயிருவாருங்க."

அங்கேயே உட்கார்ந்து கோட்டை எடுத்துவிட்டு 'பார்க்கிறோம்' என்று மாற்றினேன். அவர் சரியென்று தலையாட்டிவிட்டு, லெட்ஜரை இழுத்து, அடுத்த எல்.ஆரை அதில் எழுதத் தொடங்கினார்.