வேளாவின் வாள்

காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச்சுறவின் கொம்பைத் தம் மனையிடத்தே நட்டு, அதன்கண் தெய்வத்தை நிறுத்தி வழிபட்டனர் என்று பட்டினப்பாலை கூறுகின்றது. சுறவுக்குக் கொம்பு ஏது என்று இளையோர் வினவுதல் இயல்பே. நம் கடற்கரையில் வேளா என வழங்கும் மீனுக்கு முகத்தின் முன்னே நீண்ட வாளொன்று உண்டு. அவ்வாளையே புலவர் கொம்பு என்றார் எனக் கொள்ளுதல் பொருந்தும். மாந்தர்க்கு வழிபடுபொருளாய் நின்ற அது, வேளாவுக்கோ வயிறு வளர்க்கும் கருவியாகும்.

வேளா உருவத்தாற் சுறாவை ஒத்திருப்பினும் இனத்தால் திருக்கையைச் சார்ந்தது. அதன் செவுட்பிளவுகள் திருக்கைக்குப் போன்றே உடலின் அடிப்புறத்தில் அமைந்துள்ளன. கண்கள் தலையின் மேலும், வாய் தலையின் கீழும் இருத்தலால், தன் வாயில் புகும் இரையைத் தானே காணும் பேறு அதற்கு இல்லை. அது வாழும் இடமோ ஆற்றுமுகங்களும் கழிகளும் சேறு கலங்கிய கரையோரங்களும் ஆம். கண் இருந்தும் பயன்படாத அவ்விடத்தில் அஃது இரை தேடும் முறை வியக்கத்தக்கது.

உயிருள்ள ஒவ்வோர் உடலிலிருந்தும் மிக மெல்லிய மின்னோட்டம் நீரிற் பரவுகின்றது. வேளாவின் வாளெங்கும் கூழ் போன்ற பொருள் நிறைந்த நுண்துளைகள் செறிந்துள்ளன. அவை அம்மின்னோட்டத்தை உணர்ந்து, இரை இருக்கும் திசையை அறிவிக்கும். வாளே அதற்குக் கண்ணுமாயிற்று.

வாள் சேற்றைக் கிளறுதற்கே உதவும் என்று அறிஞர் பலர் நெடுநாள் எண்ணியிருந்தனர். மேனாட்டுப் பழங்கதைகளோ, அது திமிங்கிலத்தையும் கிழித்தெறியும் என்றன. அவற்றை நம்புதற்குச் சான்று இல்லை. ஆஸ்திரேலியாவில் வளர்க்கப்பட்ட இளவேளாக்களை ஆராய்ந்தோர் 2012-இல் உண்மையை வெளியிட்டனர். நீரிடையே மீன்துண்டு தோன்றியதும் வேளா வாளை இடமும் வலமுமாக வீசியது; ஒரு நொடிக்குள் பன்முறை வீசியது. மீன் இரு கூறாகும் அளவிற்கு அவ்வீச்சில் வலிமை இருந்தது. இரை தரையிற் கிடந்தால் வாளால் அதனை அழுத்திப் பிடித்துக்கொண்டது. தேடுதல், அடித்தல், அழுத்துதல் என்னும் தொழில்கள் யாவும் ஒரே உறுப்பின்பாற்பட்டன!

கூட்டமாகத் திரியும் மடவை முதலிய மீன்களும், இறாலும் நண்டும் அதன் உணவு. வாளின் ஓரப் பற்கள் அச்சம் தருவன. வாயினுள் உள்ள பற்களோ சிறியன, மழுங்கியன. ஆதலின் இரையைக் கடித்துக் கிழியாது முழுதாக விழுங்கும்.

இவ்வளவு கொடிய படையைத் தாங்கிய குட்டி, தாயின் வயிற்றிற்குள் எங்ஙனம் இருக்கின்றது? பிறக்குங்காலத்து அதன் வாள் வளையுந்தன்மையதாய், உறையொன்றால் மூடப்பெற்றிருக்கும். பிறந்தபின் சின்னாளில் அவ்வுறை கழன்றுவிடும். தாய்க்குத் தீங்கில்லை.

தாயைப் புண்படுத்தாத அவ்வாளே வேளாவுக்குக் கேடாய் முடிந்தது. நைலான் வலை பரவியபின், வாளின் ஒரு பல் கண்ணியிற் பட்டாலும் போதும். மீன் உதறுந்தோறும் வலை மேலும் மேலும் சுற்றிக்கொள்ளும். வேளா மெல்ல வளர்வது. சில குட்டிகளே ஈனுவது. உலகில் உள்ள வேளாவினம் ஐந்தும் அருகிவிட்டன. இந்திய அரசு 2001-இல் அதனைப் பிடித்தலைச் சட்டத்தால் விலக்கியது. 2013 முதல் ஐந்தினமும் உலக நாடுகளின் வணிக உடன்படிக்கையில் மிக்க காவல் பெற்றுள்ளன.

எனினும் வலை சட்டம் அறியாது. வேளா சிக்கிய இடத்தில் மீனவர் ஒன்றை அறுத்தே ஆகவேண்டும். வாளை அறுத்தால் அது மீண்டும் முளையாது; உணவு தேடும் வழியை இழந்த மீன் கடலிற் போய் என் செய்யும்? வலையை அறுத்தால் வேளா பிழைக்கும். ஆனால் அவ்வலை பெரும்பாலும் கடன்பட்டு வாங்கியதாக இருக்கும்.